செய்நிரலாக்கமும் பெண்களும்: மறைக்கப்பட்ட உழைப்பின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

பெண்பிள்ளைகளைக் கணினிச் செய்நிரலாக்கத் துறைக்கு ஈர்த்தல் வேண்டும் என்னும் குரல் கடந்த சில தசாப்தங்களாக உலகின் பல பாகங்களிலும் வலுப்பெற்று வந்துள்ளது. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும், பெரும் மென்பொருள் நிறுவனங்களும், தொண்டு அமைப்புகளும் இக்குரலை எழுப்பி வருகின்றன. இவை முன்வைக்கும் பரிகாரங்களைத் தொகுத்து நோக்கினால் அவை பெரும்பாலும் இரண்டாக அமைவதைக் காணலாம். துறையிலே முன்னரே காலூன்றியவர்கள் புதிதாக வருவோருக்குக் கைகொடுத்து வழிகாட்டல் ஒன்று. சாதனை புரிந்த பெண்களை உலகறியச் செய்து இளையோருக்கு முன்மாதிரிகளை வழங்குதல் மற்றொன்று. சுருக்கம் கருதி இவற்றை வழிகாட்டல், புலப்பாடு என்று குறிப்பிடலாம்.

இவ்விரண்டும் வேண்டற்பாலன என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயின் இவற்றை வலியுறுத்துவோர் பலர், தம்மையறியாமலே ஒரு வரலாற்று அனுமானத்தையும் உடன் முன்வைக்கின்றனர். செய்நிரலாக்கம் தொடக்கத்திலிருந்தே ஆண்களின் துறையாக இருந்தது. பெண்கள் அதற்குப் பிந்தி வந்தவர்கள். அவர்களிடம் ஆர்வமும் தன்னம்பிக்கையும் குறைவு. ஆகவே அவர்களை ஊக்குவித்து உள்ளே அழைத்துவர வேண்டும் என்பதே அவ்வனுமானம். வரலாற்றுச் சான்றுகள் இதற்கு நேர்மாறான சித்திரத்தையே தருகின்றன. மின்னணுக் கணினியின் பிறப்புக் காலத்திலே செய்நிரலாக்கத்தைப் பெருமளவிற் செய்தவர்கள் பெண்கள். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தும் கற்றுக்கொண்டும் அவர்கள் அத்தொழிலை உருவாக்கினர். தொழிலின் மதிப்பு உயர்ந்தபொழுது அவர்கள் அதிலிருந்து ஒதுக்கப்பட்டனர். அவர்கள் செய்ததும் மறைக்கப்பட்டது.

எனவே வழிகாட்டல் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்பது போதாது. அவ்வழிகாட்டலின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதே வரலாறு எழுப்பும் வினாவாகும். அவ்வினாவை அமெரிக்க, பிரித்தானிய அனுபவங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய வரலாறு பயில்வோருக்கு இத்தகைய பிரச்சினை முற்றிலும் புதியதன்று. தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆக்கிய பெண்கள் ஏட்டிலேறிய புலவர் வரிசையில் இடம்பெறாமற் போனதை அவர்கள் அறிவர்.

2

ஆங்கிலத்திலே ‘கொம்பியூட்டர்’ என்ற சொல் இயந்திரத்தைக் குறிக்கத் தொடங்குமுன் மனிதரையே குறித்தது. கணிப்பு வேலை செய்பவர் என்பதே அதன் பொருள். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அமெரிக்க இராணுவத்தின் பீரங்கிச் சுடுகை அட்டவணைகளைக் கணித்துத் தரும் பணி, பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியற் கல்லூரியிலும் நடைபெற்றது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றமையாற் கணிதம் கற்ற இளம் பெண்கள் அப்பணிக்குச் சேர்க்கப்பட்டனர். ஓர் எறிகணையின் பாதையை மேசைக் கணிப்பொறியின் உதவியுடன் கணிப்பதற்கு ஒருவருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 மணித்தியாலம் தேவைப்பட்டது. இவ்வேலையை விரைவுபடுத்தும் பொருட்டே ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணினி அங்கு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 தொன் எடையும் கொண்ட அது, அதே கணிப்பை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்திற் செய்தது.

அவ்வியந்திரத்துக்கு வேலையை வகுத்துக் கொடுக்க 1945 இலே ஆறு பெண்கள் தெரிவு செய்யப்பட்டனர்: கத்லீன் மக்நல்ற்றி, ஜீன் ஜெனிங்ஸ், பெற்றி ஸ்னைடர், மார்லின் வெஸ்கொவ், பிரான்சஸ் பிலாஸ், றூத் லிக்டர்மன். மக்நல்ற்றி அயர்லாந்தின் டொனகோல் பகுதியிலே பிறந்தவர். குழந்தைப் பருவத்திற் குடும்பத்துடன் குடிபெயர்ந்து வந்தவர். ஜெனிங்ஸ் மிசூறி மாநிலத்து விவசாயக் குடும்பமொன்றின் மகள். இவர்களுக்குப் பயிற்சி நூலோ பாடத்திட்டமோ இருக்கவில்லை. இரகசியக் காப்பு அனுமதி கிடைக்கும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவும் இயலவில்லை. வடங்களும் ஆளிகளும் இணைக்கப்படும் முறையை வரைபடங்களிலிருந்து தாமே கற்றுக்கொண்டனர். இயந்திரத்தின் பகுதிகளைத் தமக்குள்ளே பங்கிட்டுப் பயின்று, பயின்றதை ஏனையோருக்கு விளக்கினர். வரைபடத்திலிருந்து தொடங்கிப் பழுதடைந்த தனியொரு வெற்றிடக் குழாயைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களது அறிவு வளர்ந்தது. இன்று வழிகாட்டல் எனப்படுவது அன்று தொழிலின் உள்ளே, தொழிலின் தேவையாக, இயல்பாகவே நிகழ்ந்தது.

ஆயினும் அரச சேவைத் தரவரிசையில் அவர்களது வேலை ‘உபதொழின்மை’ என்றே வகுக்கப்பட்டது. வன்பொருளை ஆக்கியோர் பொறியியலாளர். அதனை இயங்கச் செய்தோர் எழுதுவினைஞருக்குச் சமமானோர். வேலையின் உண்மையான சிக்கற்றன்மை இத்தரப்படுத்தலை நிர்ணயிக்கவில்லை. வேலை செய்தவரின் பாலே நிர்ணயித்தது. 1946 பெப்ரவரி 15 ஆம் நாள் எனியாக் விருந்தினர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அன்று ஓடிய எறிகணைப் பாதைச் செய்நிரலை ஆக்கியவர்கள் ஸ்னைடரும் ஜெனிங்சும் ஆவர். அன்றிரவு நடைபெற்ற விருந்துக்கு அப்பெண்கள் அழைக்கப்படவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், கத்தி கிளைமன் என்ற ஹாவாட் மாணவி அக்காலப் புகைப்படங்களிற் காணப்பட்ட பெண்கள் யாரென விசாரித்தபொழுது, இயந்திரத்தை அழகுபடுத்துவதற்காக நிறுத்தப்பட்ட விளம்பர அழகிகளென்று அவருக்குக் கூறப்பட்டது. அதன் பின்னரே அவர் அப்பெண்களைத் தேடிச் சென்று அவர்களது வரலாற்றைப் பதிவு செய்தார்.

இடைப்பட்ட காலத்திலே, 1979 இல், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தனது புதிய செய்நிரல் மொழிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்மணியான ஏடா லவ்லேசின் பெயரைச் சூட்டியது என்பது இவ்விடத்திலே மனங்கொள்ளத்தக்கது. நூறாண்டுகளுக்கு முன் மறைந்த உயர்குடிப் பெண்ணொருவரின் பெயர் விளங்கிய அதே வேளையில், அதே அரசின் போர்க்காலத் தேவைக்காக உழைத்த ஆறு பெண்கள் உயிருடன் இருந்தும் பெயரற்றவர்களாக இருந்தனர். தனியொருவரை உயர்த்தும் புலப்பாடு பலரின் மறைவுடன் முரண்படாது இணைந்திருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

பாலுடன் இனமும் சேர்ந்தபொழுது இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. வேர்ஜீனியா மாநிலத்து லாங்லி விமானவியல் ஆய்வுகூடத்திலே கறுப்பினப் பெண்கள் கணிப்பாளராகச் சேரும் வாய்ப்பு எவரது பெருந்தன்மையாலும் கிடைக்கவில்லை. புகையிரதப் பணியாளர் தொழிற்சங்கத் தலைவரான பிலிப் றண்டோல்ப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்தப் போவதாக அறிவித்ததைத் தொடர்ந்து, 1941 யூனிலே ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பாதுகாப்புத் தொழிற்றுறையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802 ஆம் இலக்க நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். கதவைத் திறந்தவற்றுள் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தம் முதன்மையானது. போர்க்கால ஆட்பற்றாக்குறையும் அதற்குத் துணைநின்றது.

கணித ஆசிரியையாக இருந்த டொறதி வோன் 1943 இலே லாங்லியிற் சேர்ந்தார். கறுப்பினப் பெண்கள் ‘மேற்குப் பகுதிக் கணிப்புப் பிரிவு’ என்ற தனிப்பிரிவிலே, தனி உணவு மேசையும் தனிக் கழிப்பறையும் ஒதுக்கப்பட்டு வேலை செய்தனர். 1949 இலே வோன் அப்பிரிவின் தலைவியானார். பிற்காலத்தில் விண்வெளிப் பயணக் கணிப்புகளுக்காகப் புகழ்பெற்ற கத்தரின் ஜோன்சன் 1953 இலே அவரது பிரிவில் வந்து சேர்ந்தவரே. மின்னணுக் கணினிகள் வரத் தொடங்கியபொழுது, கையாற் கணிப்போரின் தொழில் அழிந்துவிடும் என்பதை வோன் முன்கூட்டியே உணர்ந்தார். ‘போட்றான்’ மொழியைத் தாமே கற்றதோடு தமது பிரிவுப் பெண்களுக்கும் கற்பித்தார். இயந்திரம் மனிதரை வெளித்தள்ளும் வேளையில் தொழிலாளர் தம்மைத் தாமே கூட்டாகப் பாதுகாத்துக்கொண்ட அரிய நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

1958 இலே நாசா நிறுவனம் தோன்றியபோது இனவாரியான தனிப்பிரிவு கலைக்கப்பட்டது. இது முற்போக்கான மாற்றமே. ஆயினும் பிரிவு கலைந்தபோது வோன் வகித்த தலைமைப் பதவியும் மறைந்தது. 1971 இல் ஓய்வுபெறும்வரை அவர் மீண்டுமொரு முகாமைப் பதவியை நாடியும் அது அவருக்குக் கிட்டவில்லை. 2016 இலே நூலும் திரைப்படமும் இப்பெண்களின் கதையை உலகறியச் செய்தன. 2019 இலே அமெரிக்கக் காங்கிரசின் தங்கப்பதக்கம் அறிவிக்கப்பட்டது. வோன் 2008 இலேயே காலமாகிவிட்டார். பதக்கம் வேண்டாததன்று, ஆனாற் பதக்கம் பதவியுயர்வாகாது.

4

பிரித்தானிய அனுபவம் இவ்வுண்மையைப் பிறிதொரு கோணத்திற் காட்டுகின்றது. அங்கு அரச சேவையே கணினிகளைப் பெருமளவிற் பயன்படுத்தியது. அவற்றை இயக்கியோரும் அவற்றுக்கு நிரல் எழுதியோரும் பெரும்பாலும் பெண்கள். 1955 தொடக்கம் 1961 வரை படிப்படியாக அரச சேவையில் ஆண் பெண் இருபாலாருக்கும் சமசம்பளம் நடைமுறைப்படுத்தப்பட்டது. தொழிற்சங்கங்களும் பெண்கள் இயக்கமும் நீண்டகாலம் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆயின் இயந்திரம் இயக்குவோர் தரங்கள் அதன் பயனிலிருந்து விலக்கப்பட்டன. அத்தரங்களில் ஒப்பிடுவதற்குப் போதிய ஆண்கள் இல்லை என்பதே கூறப்பட்ட நியாயம். பெண்களே நிறைந்த வேலை என்பதால் அதன் ஊதியம் குறைவு. ஊதியம் குறைவு என்பதால் ஆண்கள் வருவதில்லை. ஆண்கள் இல்லை என்பதாற் சமசம்பளமும் இல்லை. சட்டத்தின் சமத்துவம் உழைப்புப் பிரிவினையின் வாசலிலேயே நின்றுவிட்டது.

இத்துறையின் வரலாற்றை 2017 இல் விரிவாக எழுதிய மார் ஹிக்ஸ் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகின்றார். 1959 இலே அரச கணினி நிலையமொன்றிற் பணிபுரிந்த பெண் செய்நிரலாளர் ஒருவர், தமது வழமையான வேலைகளுடன், அனுபவமற்ற இரு புதியவர்களைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்றார். ஓராண்டின் பின் அவ்விருவரும் முகாமைப் பதவிகளுக்கு உயர்த்தப்பட்டனர். பயிற்றியவர் அவர்களுக்குக் கீழே உதவியாளரானார். வழிகாட்டல் இங்கு குறைவின்றி நிகழ்ந்தது. அதன் பயன் மட்டும் வழிகாட்டியவருக்கோ அவரையொத்த பெண்களுக்கோ கிட்டவில்லை. அவரது அறிவு மற்றவர்களின் பதவியாக மாறியது. மிகையுழைப்பு அபகரிக்கப்படுவதைத் தொழிற்சாலையில் மட்டும் தேடுவோர் இந்நிகழ்ச்சியைக் கருத்திற்கொள்வது நன்று.

இதற்கு எதிர்வினையாக எழுந்த முயற்சிகளுள் ஸ்ரெபனி ஷேர்லியினது குறிப்பிடத்தக்கது. நாசிகளிடமிருந்து தப்பி 1939 இலே ஐந்து வயதுச் சிறுமியாகப் பிரித்தானியாவுக்கு வந்துசேர்ந்த யூத அகதி அவர். 1962 இலே 6 பவுண் முதலுடன் ‘பிறீலான்ஸ் புறோகிறாமேர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் வேலையை விட்ட தேர்ச்சிபெற்ற பெண்களை அவர் தேடிச் சேர்த்தார்; அவர்கள் வீட்டிலிருந்தே தாளிலும் பென்சிலிலும் நிரல் எழுதினர். முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். கொன்கோட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலாக்கம் அவர்கள் செய்த பணிகளுள் ஒன்று. வணிகக் கடிதங்களிலே ‘ஸ்ரீவ்’ என ஆண்பெயரால் ஒப்பமிட்டதன் பின்னரே தமக்குப் பதில்கள் வரத் தொடங்கின என்று ஷேர்லி கூறியுள்ளார். தம்மை மறைத்துக்கொண்டாலன்றி வாசல் திறவாத சூழ்நிலையிற் புலப்பாடு என்பது எத்துணை முரண்பாடானது என்பதை அவ்வொப்பம் காட்டுகின்றது.

இம்முயற்சியை மிகைப்படுத்தவும் கூடாது. குறைத்து மதிப்பிடவும் கூடாது. வீட்டுவேலையும் குழந்தை வளர்ப்பும் பெண்ணுடையவை என்ற ஏற்பாட்டை அது மாற்றவில்லை. அவ்வேற்பாட்டுக்கு இயைபாகவே வேலைநேரத்தை அமைத்தது. அதேவேளை, வேலைநேரத்தையும் வேலையிடத்தையும் மாற்றினாற் ‘கிடைக்கமாட்டார்’ எனப்பட்ட செய்நிரலாளர் நூற்றுக்கணக்கிற் கிடைப்பர் என்பதை அது நிறுவியது. பிற்காலத்திலே ஊழியருக்கு நிறுவனத்தின் பங்குரிமையும் வழங்கப்பட்டது. பெண்களின் விருப்பமின்மை என்று கூறப்பட்டது உண்மையில் வேலையமைப்பின் குறைபாடே என்பது இதனாற் புலனாகும்.

5

அமெரிக்காவிலே ஒதுக்கல் வேறு வழியிலும் நிகழ்ந்தது. 1950களிலும் 1960களிலும் செய்நிரலாளருக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. கிறேஸ் ஹொப்பர் 1952 இலே தொகுப்பியொன்றை உருவாக்கியவர். வணிகத் துறைக்கான ‘கோபோல்’ மொழி 1959 இலே உருவாகத் தொடங்கியபொழுது அவருடன் மேரி ஹோஸ், ஜீன் சமற், எனியாக் குழுவைச் சேர்ந்த பெற்றி ஸ்னைடர் (திருமணத்தின் பின் ஹொல்பேட்டன்) முதலிய பெண்கள் அதிற் பங்குகொண்டனர். ஆயின் மென்பொருளின் பொருளாதார முக்கியத்துவம் வெளிப்பட்டதும், அத்தொழிலை ஒழுங்குபடுத்தி அதற்கொரு மதிப்பான முகத்தைக் கொடுக்கும் முயற்சிகள் தொடங்கின. உளச்சார்புப் பரீட்சைகளும் ஆளுமை அளவைகளும் ஆட்சேர்ப்பிற் புகுந்தன. 1960களின் நடுப்பகுதியிலே கனன், பெறி என்னும் உளவியலாளர் இருவர் 1,378 செய்நிரலாளரை ஆராய்ந்தனர். அவர்களுட் பெண்கள் 186 பேர் மட்டுமே. புதிர்களில் நாட்டமும் பிற மனிதருடன் ஊடாட விருப்பமின்மையும் நல்ல செய்நிரலாளரின் இயல்புகளாக அவ்வாய்விற் கொள்ளப்பட்டன. அன்று வேலையிலிருந்த ஆண்களின் சாயல் நாளை வேலைக்கு வருவோரின் தகுதியாயிற்று. 1968 இலே ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற மாநாடு ‘மென்பொருட் பொறியியல்’ என்ற பெயருக்கு அங்கீகாரம் தேடித்தந்தது. எழுதுவினைஞர் வேலை எனப்பட்டது பொறியியலாக உயர்ந்தது. ஆனால் அவ்வுயர்ச்சியிற் பெண்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை.

இருப்பினும் 1970களின் பெண்விடுதலை இயக்கத்தின் உந்துதலாற் பல்கலைக்கழகங்களிலே பெண்கள் தொகை பெருகியது. 1984 அளவில் அமெரிக்காவிற் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருள் ஏறத்தாழ 37 வீதத்தினர் பெண்கள். 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது ஏறத்தாழ 18 வீதமாக வீழ்ந்தது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் முன்னேறிய அதே காலத்தில் இவ்வீழ்ச்சி நிகழ்ந்தது. வீட்டுக் கணினி ஒரு நுகர்பண்டமாகச் சந்தைக்கு வந்தபொழுது, அது பையன்களின் விளையாட்டுப் பொருளாகவே விளம்பரப்படுத்தப்பட்டமை இதற்கான காரணங்களுள் ஒன்று. குடும்பங்கள் அதனைப் பெரும்பாலும் மகனுக்கே வாங்கின. பல்கலைக்கழகங்களும் வீட்டிற் பெற்ற அம்முன்னனுபவத்தைத் திறமையென மயங்கின. மலேசியாவிலே கணினிக் கல்வி கற்போருட் பெண்கள் ஏறத்தாழ அரைவாசியாக இருந்தமையை நோக்கும்போது, இதனைப் பெண்ணின் இயல்பு என்று விளக்குவதற்கு இடமில்லாது போகின்றது.

இந்நிலை மாற்றக்கூடியது என்பதற்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் சான்று. ஜேன் மார்கோலிசும் அலன் பிஷரும் அங்கு மாணவரை நேர்கண்டு ஆராய்ந்து, அனுமதிக் கொள்கையும் பாடத்திட்டமும் மாறவேண்டிய விதத்தை எடுத்துக் காட்டினர். முன்னனுபவத்துக்கு அளிக்கப்பட்ட முதன்மை குறைக்கப்பட்டது. புதியோருக்கும் பழகியோருக்கும் வெவ்வேறு தொடக்க நெறிகள் அமைக்கப்பட்டன. 1999 இலே அங்கு சென்ற கணிதவியலாளர் லெனோர் பிளம் மாணவியரின் வழிகாட்டல் அமைப்பைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் நிலைநிறுத்தினார். 1995 இலே கணினி விஞ்ஞானத்துக்குச் சேர்ந்த மாணவரில் 7 வீதமாக இருந்த பெண்கள் 2000 இலே 42 வீதமாயினர். வழிகாட்டல் இங்கு பயன்தந்தது. வாசல் விதிகள் மாற்றப்பட்டமையும், வழிகாட்டலை நிறுவனம் தனது பொறுப்பாக ஏற்றமையுமே அதற்குக் காரணங்களாகும்.

6

இவ்வனுபவங்களை ஒருசேர நோக்கும்போது ஓருண்மை தெளிவாகின்றது. பெண்கள் பெண்களுக்கு வழிகாட்டியமைக்கு வரலாற்றிற் குறைவில்லை. பிலடெல்பியாவிலும் லாங்லியிலும் இலண்டனிலும் அது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆயின் அது ஊதியம் பெறாத, தரவரிசையில் எண்ணப்படாத, பதவியுயர்வில் நிறுக்கப்படாத உழைப்பாக இருந்தவரை பிறர் அறுவடை செய்யும் பயிராகவே முடிந்தது.

இன்றைய நிலையும் இதனின்று முற்றாக வேறுபட்டதன்று. பெண் செய்நிரலாளர்களை ஒன்றுசேர்த்து வழிகாட்டும் பொருட்டு 2011 இலே அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளுக்கும் பரவிய ‘விமன் ஹூ கோட்’ என்னும் அமைப்பு, நிதிவழிகள் வற்றியமையைக் காரணங்காட்டி 2024 ஏப்ரலிலே தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. பெருநிறுவனங்களின் நன்கொடையை நம்பிய வழிகாட்டல், இலாபம் குன்றும் பருவத்தில் முதலில் வெட்டப்படும் செலவினங்களுள் ஒன்றாகிவிடுகின்றது. இதனுடன் ஒப்பிட வேண்டிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2018 நவம்பர் முதலாம் நாள், பாலியற் தொல்லைகளை நிறுவனம் கையாண்ட விதத்தைக் கண்டித்துக் கூகிள் ஊழியர் ஏறத்தாழ 20,000 பேர் பல நாடுகளில் வேலையிடத்தை விட்டு வெளியேறினர். ஊழியர் நீதிமன்றம் செல்லாது தடுத்த கட்டாய நடுத்தீர்ப்பு விதியை அந்நிறுவனம் 2019 இலே கைவிட்டது. ஆண்டுக்கணக்கான ஆலோசனைக் கூட்டங்களால் நிகழாதது கூட்டு நடவடிக்கையால் நிகழ்ந்தது.

எனவே பெண்பிள்ளைகளுக்குச் செய்நிரலாக்கம் கற்பிக்க விழைவோர், நம் பல்கலைக்கழகங்களில் உள்ளோர் உட்பட, தம் திட்டங்களிடம் சில வினாக்களைக் கேட்டல் தகும். வழிகாட்டுவோரின் நேரம் வேலையாகக் கணிக்கப்படுகின்றதா? அது பதவியுயர்விற் பேசுகின்றதா? அனுமதியில் அளக்கப்படுவது திறமையா, அன்றி வீட்டில் முன்னரே கணினி இருந்தமையா? மேடையில் ஏற்றப்படும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் உழைக்கும் ஏனையோரின் பெயர்கள் எங்கே பதிவாகின்றன? வழிகாட்டிய பெண் நாளை யாருக்குக் கீழே பணிபுரிவாள்?

1959 இலே இருவரைப் பயிற்றிய அப்பெண் செய்நிரலாளருக்கு ஊக்கம் தேவைப்படவில்லை, திறமையும் குறைவாயிருக்கவில்லை. கற்பித்த அறிவின் மீதும் செய்த உழைப்பின் மீதும் உரிமையே அவருக்கு இல்லாதிருந்தது. அவ்வுரிமையை நிலைநாட்டும் முயற்சியோடு இணையும்பொழுதே வழிகாட்டலும் புலப்பாடும் பொருளுடையனவாகும். அதுவரை, துறைக்குள் அழைத்துவரப்படும் ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் முதலாமவளாகவே வரவேற்கப்படுவாள். அவளுக்கு முன் வந்தோர் மீண்டும் மறைக்கப்படுவர்.